குப்புற விழும் சோழி

பழைய தகர டப்பாவை நகர்த்தியபோது உள்ளே ஏதோ கடகடவென உருண்டது. திறந்து பார்த்தேன். அம்மா தாயம் ஆடிய சோழி!

பிரெஞ்சுக்காரன் காலம் அது. சைகோனில் வேலையிலிருந்த பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. என்னைக் கப்பலேற்றி அனுப்பச் சொன்னார், மகளாக வளர்க்க. பாகூரில் எங்கள் வீட்டில் அன்று அடுப்புகூட எரியவில்லை, அப்படிச் சண்டை. கடைசியில் அப்பா, "சோழி போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

"குப்புற விழுந்தா புள்ள இங்கதான்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

"ரெண்டே பக்கம். எதுவா இருந்தா இன்னா?" என்றார் அப்பா. ஒருநாளும் தாயம் ஆட உட்காராத மனுஷன்!

அவரே வீசினார். சோழி சுழன்று சுழன்று, குப்புறப் படுத்தது. என்னை அணைத்திருந்த அம்மாவின் கை விலா நோக இறுகி, பிறகு மெல்லத் தளர்ந்தது.

அப்பா கழனிக்குப் போனதும் காதோடு சொன்னாள்: "இது முக்காவாசி குப்புறத்தான் விழும்டி. ஆட்டத்துல எத்தினி வாட்டி என்னத் தோக்கடிச்சிருக்குது! எப்பவாவதுதான் மல்லாக்க விழும்."

அந்த 'எப்பவாவது' அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

இப்போது சும்மா ஒருமுறை தரையில் வீசினேன். வாயைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். நல்லவேளை, அறுபது வருஷம் தாமதமாக மல்லாந்தது.