காலியான கொழுப்புத் தொட்டி

எனக்குச் சந்தேகப் புத்தி. பால் வந்தால் முகர்ந்து பார்ப்பேன். கறி வந்தால் தராசில் போட்ட பிறகும் கையால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன். சாத்தூர் பைபாஸில் ஹோட்டல் ஆரம்பித்தபோது மச்சான் அடுப்படிப் பொறுப்பை என்னிடம் கொடுத்ததே இதற்காகத்தான். "நீ இருந்தா நாய்கூட கேட்டுட்டுத்தான் எலும்பை எடுக்கும்" என்பார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கடையில் எண்ணெய் பரோட்டாதான் ஓட்டம். அந்தத் தட்டுகளைக் கழுவும் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போனால் பத்தே நாளில் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் பாத்திரம் கழுவும் இடத்தில் தரைக்குக் கீழே ஒரு பெட்டி பதித்திருந்தோம். உள்ளே மூன்று அறை. முதல் அறையில் எச்சில் தங்கும், நடு அறையில் எண்ணெய் மிதந்து உறையும், மூன்றாவது அறை வழியாகத் தண்ணீர் மட்டும் வெளியேறும். பொருத்தியவர் கிரீஸ் டிராப் என்றார், நாங்கள் கொழுப்புத் தொட்டி என்றோம். சனிக்கிழமைதோறும் மூடியைத் திறந்து, உறைந்ததைச் சுரண்டி டிரம்மில் போட்டு, கழிவு வண்டிக்காரரிடம் கொடுக்க வேண்டும். அந்த நாற்றத்துக்கு இரண்டு பேர் வேலையே வேண்டாம் என்று ஓடியிருந்தார்கள்.

மூன்றாவதாக வந்தவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து அக்கா. கல்யாணமான நாள் முதல் பட்டாசு வேலை பார்த்தவர். "இனிமே மருந்துப் பக்கம் போகாதன்னு பிள்ளைக அழுதுட்டாக பாய். இந்த வேலை போச்சுன்னா திரும்ப அங்கனதான் போகணும்" என்று முதல் நாளே சொன்னார். பட்டாசுக்கு ஆள் ஏற்றும் வேன்தான் அவரையும் எங்கள் வாசலில் இறக்கிவிடும், ஐந்து மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொள்ளும்.

தீபாவளி சீசனில் கூட்டம் இரண்டு மடங்கானது. ஆனால் டிரம்மில் ஒரு கைப்பிடிகூடச் சேரவில்லை. வண்டிக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன பாய், சரக்கு வேற பக்கம் போகுதா?"

அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாய்த் தைத்தது. கொழுப்புக் கழிவைக் காய்ச்சி வடிகட்டி, சமையல் எண்ணெய் என்று டின்னில் அடைத்து விற்கிறார்கள் எனக் கேள்விப்பட்டிருக்கிறேன். மச்சானிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "வெளிய தெரிஞ்சா ஒரு வண்டிகூட இங்கன நிக்காது. அந்தம்மாதான்னு உறுதியாச்சுன்னா அன்னைக்கே அனுப்பிரு."

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன்: துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சுரண்டுவதற்கு நான் வாங்கிக் கொடுத்த இரும்புக் கரண்டி, ஒட்டிய விலைச்சீட்டுகூடக் கிழியாமல் அலமாரியில் கிடந்தது. தினமும் நாலு மணிக்கு அக்கா சாக்கு போட்டு மூடிய வாளியோடு பின்சுவரைத் தாண்டிப் போவார், காலி வாளியோடு வருவார். சுவருக்கு அந்தப் பக்கம் கருவேலங்காடு. அங்கே யாரோ காத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மீசை வைத்த ஆள் ஒருவன்கூட என் மனதில் தயாராகிவிட்டான்.

ஐந்தாம் நாள் பரோட்டா மாஸ்டர், சப்ளையர்கள் எல்லோரும் இருக்கும்போதே வழியை மறித்தேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். சாட்சி வேண்டுமே என்று நினைத்தேன்.

"வாளியைத் திறங்கக்கா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சாக்கை விலக்கினார். உள்ளே மணலோடு பிசைந்த கொழுப்பு. அதன்மேல் ஒரு கொட்டாங்கச்சி.

"எங்க கொண்டு போறீக?"

"வாங்க, காட்டுதேன்."

கருவேலங்காட்டில் யாருமில்லை. பத்தடிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன மண்மேடுகள் இருந்தன. "பட்டாசுக் கம்பெனியில மிச்ச மருந்தை மறுநாளைக்கு விட்டு வைக்கக் கூடாது பாய். அன்னன்னைக்கு அப்புறப்படுத்திரணும். அம்புட்டையும் ஒரே இடத்துல குவிக்கவும் கூடாது" என்றார்.

"கரண்டி என்னாச்சு?"

"இரும்பையா தரையில உரசச் சொல்லுதீக?" அவர் பதறியதைப் பார்த்து எனக்கே ஒரு நொடி பயம் வந்தது. பிறகு தணிந்த குரலில், "இது வெடிக்காதுன்னு எனக்கும் தெரியும். கைதான் கேக்க மாட்டேங்குது" என்றார்.

நான் நம்பினேனா? இல்லை. ஒரு குச்சியை ஒடித்து, அவர் கண் முன்னாலேயே மூன்று மேட்டைக் கிளறினேன். மூன்றிலும் கொழுப்பும் எறும்பும்தான். அவர் வாளியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

மச்சானிடம் நடந்ததைச் சொன்னேன், வேலை தப்பியது. இனி வாரம் ஒருமுறை சுரண்டினால் போதும், டிரம்மிலேயே போடுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். மரக்கரண்டி ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். "மனசுல வச்சுக்கிடாதீகக்கா" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய்" என்றார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு வேன் ஹார்ன் அடித்தது. அக்கா என் மேஜை முன்னால் வந்து, தன் துணிப்பையை விரித்துப் பிடித்தார். டிபன் பாக்ஸ், சீப்பு, மடித்த சேலை.

"என்னக்கா இது?"

"பாத்துக்கிடுங்க. கம்பெனியிலயும் பையைப் பாத்துட்டுத்தான் விடுவாக. இங்கன அது கெடையாதுன்னு நெனச்சு இத்தனை நாளா சும்மா போயிட்டேன்."

"வேண்டாம், மூடுங்க" என்றேன். மூடவில்லை. கோபமும் இல்லை அந்த முகத்தில். வேன் மறுபடி ஹார்ன் அடித்தது. நான் பார்த்த பிறகுதான் போனார்.

இன்றைக்கும் தினமும் அப்படித்தான். கெஞ்சியும் பார்த்துவிட்டேன், அதட்டியும் பார்த்துவிட்டேன். பை விரிந்தே இருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைவிட வெட்கம் ஒன்று உண்டு: பை விரிந்ததும் என் கண் முதலில் போவது அந்த டிபன் பாக்ஸுக்கு அடியில்தான்.