சுவருக்கு வெளியே ஐந்து வீடுகள்

அவளைத் தையல்காரி என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. நகரசபை உறுப்பினரான பிறகு அந்தப் பெயர் போய், 'சுவரக்கா' என்பது ஒட்டிக்கொண்டது. தெருவிளக்கோ சந்தைக் குப்பையோ, கூட்டத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அவள் வெள்ளத்தடுப்புச் சுவரில்தான் வந்து நிற்பாள். "அக்கா எந்திரிச்சிட்டாங்க, சுவர் வருது, ஒதுங்குங்க" என்று பின்வரிசையில் யாராவது சொல்வார்கள். சபை சிரிக்கும். முதல் சில ஆண்டுகள் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அவளுடைய வார்டு ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதி. பெருமழை என்றால் சாக்கடை வழியாகவே ஆறு தெருவுக்குள் ஏறிவரும். ஒருமுறை கடைக்குள் தண்ணீர் புகுந்து, தைக்கக் கொடுத்த துணியெல்லாம் சேறாகி, வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். அந்த வருடம்தான் தேர்தலில் நின்றாள்.

ஜெயித்தது சுலபமாக இருந்தது. அதற்கப்புறம்தான் இழுபறி. பொறியாளர்கள் வந்தார்கள், அளந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். அடுத்து வந்தவர் முதலிலிருந்து அளந்தார். அவள் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "என்னைக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா நீ அந்தச் சுவரையே கட்டியிருக்கலாம்" என்றார். "அதுதான் எவனும் கட்டமாட்டேங்கிறானே" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. அலுத்துப்போயிருந்தது.

கடைசியில் வந்த பொறியாளர் இளம்பெண். வேலையை முடித்துவிட்டுத்தான் போவது என்று வந்தவள்போல் இருந்தாள். கூட்ட அறை மேசையில் வரைபடத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைகளில் டீ கிளாஸ்களை வைத்தாள். சிவப்புக் கோடுதான் சுவர். சுவரக்கா அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். ஆறு வளையும் இடத்தில் கோடு கரையை விட்டு உள்ளே விலகி, ஐந்து வீடுகளுக்குப் பின்புறமாகப் போயிற்று.

"இங்க ஏன் உள்ள வாங்கிடுச்சு?"

"வளைவுல மண்ணு இளக்கம்மா. தண்ணியோரமா கட்டினா நிக்காது. அதோட அங்க ஆத்தை நெருக்கினா எதிர்க்கரைக்காரங்க மூழ்கிடுவாங்க."

"இந்த அஞ்சு வீடு?"

"மேட்டுல வேற வீடு தருவாங்க. திட்டத்துலயே சேர்த்தாச்சு."

"நாலாவது எங்க அக்கா வீடு."

பொறியாளர் ஒரு டீ கிளாஸை நகர்த்தி வைத்தாள். சபைத் தலைவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேணும்னா தள்ளிவைக்கலாம்மா. இன்னொரு தடவை அளக்கச் சொல்லலாம்."

இன்னொரு தடவை அளப்பது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அந்த ஆட்டல் ஆமாவா இல்லையா என்று அவளுக்கே தெளிவில்லை.

அவள் போனபோது அக்கா தன் வீட்டு முன்னறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் போனபின் அந்த மேசைதான் அவளுக்குச் சோறு போட்டது. ஜன்னலுக்கு வெளியே ஆறு சாதுவாகக் கிடந்தது.

"என்னடி, மூஞ்சி தொங்கிக் கெடக்கு? சுவர் மறுபடியும் தள்ளிப்போச்சா?"

"இல்லக்கா. வரப்போகுது."

"அப்ப சந்தோஷமா இரேன்."

"உன் வீட்டுக்குப் பின்னாடி வரப்போகுது."

இஸ்திரிப்பெட்டி சட்டையின்மேல் நின்றது. தீய்வதற்குள் அக்கா அதைத் தூக்கி நிறுத்தினாள்.

"அப்ப நான் ஆத்தோட சேர்த்தியா?"

"மேட்டுல வீடு தருவாங்கக்கா."

"மேட்டுல எவடி எங்கிட்ட துணி குடுப்பா? அங்க எல்லாரும் அவங்கவங்களே தேச்சுக்கிறாங்க."

இவள் மடித்த துணிகளை அடுக்கி வைத்தாள். பிறகு, "நீ வேணாம்னு சொல்லு. தள்ளிவைக்கச் சொல்லிடுறேன்" என்றாள்.

அக்கா சட்டையை மடித்து, கையை மடித்து, காலரை நீவிவிட்டாள். "அதை என் தலையில கட்டாதே. கை தூக்கப்போறது நீ."

அடுத்த கூட்டத்தில் அவள் கை தூக்கினாள். பின்வரிசையில் ஒருவர் வழக்கமான கேலியை ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கிவிட்டார். திட்டம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, கடைக்குத் திரும்பி, பாதியில் விட்ட பாவாடையை வெட்டத் தொடங்கினாள்.

சுவர் எழுந்தது; சாக்கடை வாய்களில் ஆற்றுத் தண்ணீர் திரும்பி ஏறாதபடி கதவும் போட்டார்கள். மற்ற நான்கு குடும்பங்களும் மேட்டுக்குப் போயின. அக்காவும் வீட்டைக் காலி செய்தாள், ஆனால் மேட்டுக்குப் போகவில்லை. இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தையல்கடைக்கே வந்து, "பாதி இடம் குடு" என்றாள். தைக்கும் இடத்திலேயே தேய்த்தும் கிடைத்ததில் வாடிக்கையாளர்களுக்கு வசதிதான். அக்கா தங்கை இருவரும் நூல் விலை பேசினார்கள், மின்வெட்டைத் திட்டினார்கள், ஒரே பாத்திரத்தில் டீ போட்டுக் குடித்தார்கள். அந்த வீட்டைப் பற்றி மட்டும் பேச்சே வரவில்லை.

பிறகு வந்த பெருமழையில் தெரு நனைந்ததோடு சரி. ஜனங்கள் குடைபிடித்து நின்று, ஏறாத சாக்கடையை அதிசயமாகப் பார்த்தார்கள். "அக்கா, நீங்க பெரிய ஆளுக்கா" என்று மளிகைக்கடைக்காரர் கடைக்கே வந்து சொன்னார். அவள் "சரிப்பா, சரிப்பா" என்று ஊசியில் நூல் கோத்தாள். மனதில் ஒன்றும் பொங்கவில்லை. எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது.

மழை விட்டதும் அக்கா எழுந்து வெளியே போனாள். இவளும் பின்னாலேயே போனாள். சுவரின் படிகளில் ஏறி நின்று இருவரும் பார்த்தார்கள். ஐந்து வீடுகளிலும் ஜன்னல் வரை பழுப்புத் தண்ணீர்.

"உள்ள இருந்திருந்தா போயிருப்பேன்" என்றாள் அக்கா.

"ம்."

"நீ கை தூக்கினதுல எனக்கு வருத்தமில்லடி. அன்னைக்கு எங்கிட்ட வந்து வேணாம்னு சொல்லச் சொன்னே பாரு, அதான். சுவர் வருதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கணும் நீ."

தங்கைக்குச் சமாதானமாகப் பல வார்த்தைகள் வாய்வரை வந்தன. எல்லாமே சபையில் பேசிப் பழகிய வார்த்தைகள். "ஆமாக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். ஈரப்படி வழுக்கியது. தங்கை கை நீட்டினாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.