வெல்டா இறுக்கிய பெல்ட்

எங்கள் கார் பந்தயத் தடத்தில் ஒரு பேச்சு உண்டு. வெல்டா க்ரூபர் பெல்ட்டை இறுக்கிவிட்டால், சாவே வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாலும் ஆள் இருக்கையை விட்டு அசையமாட்டான் என்பார்கள். அந்தத் தடத்தின் ஓரத்தில் இருபது வருஷம் தீனிக்கடை நடத்தியவள் நான். ஃபெர்ன் என்றால் இந்தியானாவின் இந்தக் கோடியில் எல்லோருக்கும் தெரியும். என் வாயும் தெரியும். ஒன்றை ஒன்பதாக்கிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் இந்தப் பேச்சில் மிகை கிடையாது. நான் கண்ணால் பார்த்தவள்.

வெல்டாவைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. குள்ளமான, ஒல்லியான பெண்பிள்ளை. ஊர் ஊராக இழுத்துப்போகும் வீட்டு வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. சோபாவுக்குத் துணியை இழுத்துப் பிடித்து, ஒரு சுருக்கம் விழாமல் ஆணி அடிக்க வேண்டும். நாள் முழுக்க அதே வேலையைச் செய்து செய்து விரல்கள் இரும்பாகிவிட்டன. திறக்காத பாட்டில் மூடியை ஆண்பிள்ளைகளே அவளிடம்தான் நீட்டுவார்கள்.

அவள் புருஷன் ஆர்லனுக்குத் தானியக் கிடங்கில் வேலை. குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. பைத்தியம் மட்டும் ஒன்று உண்டு: எழுபதாம் வருஷத்து ஆரஞ்சு நிற ஷெவெல் கார். அதை எங்கள் தடத்தின் கால் மைல் நேர்கோட்டில் பறக்கவிடுவான். எஞ்சின் போட்டால் என் கடையில் தட்டெல்லாம் நடுங்கும். அந்த வண்டி ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவன் வேதம். ஒரு திருகாணியை மாற்றச் சொன்னாலும் ஞானஸ்நானத்தையே மாற்றச் சொன்ன மாதிரி முறைப்பான். அவன் மட்டுமா? இங்கே பழைய வண்டி வைத்திருக்கிற அத்தனை ஆண்களும் இதில் ஒரே ரகம்தான். தங்கள் எலும்பு உடைந்தால் ஒட்டிக்கொள்வார்கள், வண்டியின் சொந்த இரும்பில் கீறல் விழுந்தால் தாங்கமாட்டார்கள்.

அவனுக்கு முதல் விபத்து நடந்தபோது வண்டியில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருந்தது. மணிக்குத் தொண்ணூறு மைலில் வண்டி தடத்தை விட்டு விலகி மண்மேட்டில் மோதியது. ஆர்லன் முகம் போய் ஸ்டீயரிங்கில் அடித்தது. முன்பற்கள் போயின, தாடை உடைந்தது. அவன் வாயைக் கம்பியால் கட்டிப் படுக்க வைத்திருந்த நாட்களில், வெல்டா ஒரு துளைக்கருவியை இரவல் வாங்கி வந்து, வண்டியின் தரையில் ஓட்டை போட்டாள். தோளுக்கு மேலாக வரும் பந்தய பெல்ட்டுகளை அவளே முடுக்கினாள். வீடு திரும்பியவன் அதைப் பார்த்தான். வாய் கட்டியிருந்ததால் கத்த முடியவில்லை. கம்பியை எடுத்த பிறகும் மான் வேட்டைக் காலம் முடியும்வரை அவளோடு அவன் பேசவில்லை. பல் போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், தகரத்தில் ஓட்டை விழுந்ததற்கு அழுதான் என்று வெல்டாவே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவனுக்கு பெல்ட் இறுக்குவது அவள் வேலையாயிற்று. மற்ற வண்டிகளில் நண்பன் எவனாவது இறுக்குவான். ஓட்டுகிறவன் நெஞ்சை உப்பிக்கொள்வான், பெல்ட் இறுகிவிட்டது போலத் தெரியும், அவன் மூச்சு விட்டதும் தளர்ந்துபோகும். வெல்டாவிடம் அந்த வித்தை பலிக்காது. "மூச்சை விடு" என்பாள். அவன் முழுக்க விடும்வரை காத்திருந்து, முழங்காலை இருக்கையில் முட்டுக்கொடுத்து ஒரே இழுப்பாக இழுப்பாள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் அந்த இரண்டு வார்த்தை மட்டும் உண்டு.

இறுக்கிவிட்டு நேரே என் கடைக்கு வருவாள். தடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். எஞ்சின் சத்தம் ஏறி, தூரத்தில் போய், அடங்கும்வரை கத்தி மட்டும் ஓடும். பதினாலு வருஷத்தில் ஒரே ஒரு ஓட்டத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. பார்த்தால் மனசு விட்டுப்போகும் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

இரண்டாம் விபத்தில் சுவரில் உரசி கை முறிந்தது. அப்போதே நிறுத்தச் சொன்னாள். அவன் "அடுத்த வருஷம்" என்றான். அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னான். இதற்கிடையில் எஞ்சினை மட்டும் இரண்டு பங்கு பலமாக்கிவிட்டான். எஞ்சின்மேல் ஆலையின் முத்திரை இருந்தால் போதுமாம், உள்ளே எதை மாற்றினாலும் அவன் வேதம் கெடாதாம். பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு மட்டும் பழையதுதான். கனமானதாக மாற்றச் சொல்லி ஊரே கெஞ்சியது. அது வண்டியோடு பிறந்தது என்றான். கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து கூட்டமெல்லாம் தடத்துக்கு வந்துவிட்டது. வெல்டா என் கடைக்குள் வந்து, கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் இறுக்கப் போறதில்ல ஃபெர்ன். என் கை படாம அவன் வண்டிய எடுக்கமாட்டான்."

"எடுத்துட்டான்னா?"

"எடுக்கமாட்டான்."

அவனை உயிரோடு வீட்டில் வைத்துக்கொள்ள அவளிடம் வேறு ஆயுதம் இல்லை. கெஞ்சிப் பார்த்தாயிற்று, சண்டை போட்டாயிற்று, அக்கா வீட்டுக்குப் போய் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தும் பார்த்தாயிற்று. மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான்.

ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆர்லன் வண்டிக்குள் உட்கார்ந்தபடி என் கடைப் பக்கம் பார்த்தான். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எப்படியும் வருவாள் என்று அவன், எப்படியும் இறங்குவான் என்று இவள். இரண்டும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். கடைசியில் அவனே பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். தன் தோளைத் தானே எவ்வளவு இறுக்க முடியும்? தொளதொளவென்று கிடந்தது. வண்டிகளைக் கிளப்பிவிடுகிற புறப்பாட்டுக்காரர் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். ரப்பர் சூடேறித் தரையைப் பிடிக்கட்டும் என்று ஆர்லன் தண்ணீரில் சக்கரத்தைச் சுழற்றிப் புகையைக் கிளப்பினான். ரப்பர் கருகும் வாடை கடைக்குள் வந்தது.

வெல்டா எழுந்தாள். "பாவி போறான்" என்றவள், கதவைச் சுற்றிக்கூடப் போகவில்லை, மேசையைத் தாண்டிக் குதித்தாள். நானும் கையில் இடுக்கியோடு பின்னாலேயே ஓடினேன். புகைக்குள் போய் வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். புறப்பாட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்தினார். அவள் கதவைத் திறந்தாள்.

"வந்துட்டியா" என்றான் அவன், முகமெல்லாம் சிரிப்பாக.

"பேசாத. மூச்சை விடு."

விட்டான். அவள் முழங்காலை முட்டுக்கொடுத்து ஒரு பக்கம் இழுத்தாள், பிறகு மறுபக்கம். தோள் இருக்கையில் போய் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. பிறகு குனிந்து அவன் காதருகே சொன்னாள், "இதான் கடைசி ஆர்லன். அடுத்த தடவை நீ செத்தாலும் வரமாட்டேன்."

கடைக்குத் திரும்ப நேரமில்லை. எங்களை வேலி ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார்கள். விளக்கு பச்சையானது.

அந்த வண்டி புறப்படுவதை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். முன்பக்கம் தரையை விட்டு எழும்பும். சத்தம் காதில் கேட்பதற்கு முன் நெஞ்சில் கேட்கும். அன்று நான் வண்டியைப் பார்க்கவில்லை, வெல்டாவைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னால் பழைய அச்சு முறிந்தது. அப்போது வேகம் நூற்று முப்பது மைலுக்கு மேல் என்று பிறகு சொன்னார்கள். ஒரு பின்சக்கரம் கழன்று, வண்டியை முந்திக்கொண்டு, தன்பாட்டுக்கு ஓடிச் சோளக்காட்டுக்குள் போயிற்று. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து தரையைக் கிழித்தது, எழும்பியது, உருண்டது. உருண்டுகொண்டே இருந்தது. ஒவ்வொரு உருளலிலும் ஏதாவது ஒன்று பறந்தது. கதவு போயிற்று, எஞ்சின் மூடி போயிற்று. எஞ்சினே தனியாகக் கழன்று புல்லில் விழுந்து ஆவி விட்டது. கடைசியில் தலைகீழாக நின்றபோது அது வண்டியாகவே இல்லை. நசுங்கிய ஆரஞ்சுத் தகரமும், கை முறிந்த பிறகு வெல்டா அடம்பிடித்து இருக்கையைச் சுற்றி வைக்கச் செய்த இரும்புக் குழாய்க் கூண்டும்தான் மிச்சம். அத்தனை கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

வெல்டா ஓடவில்லை. நடந்தாள். ஓடினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோமே என்று நடந்ததாகப் பிறகு சொன்னாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

தீயணைக்கிறவர்கள் எங்களுக்கு முன்னால் போய்விட்டார்கள். ஆனால் யாரும் எதுவும் செய்யாமல் குனிந்து பார்த்தபடி நின்றார்கள். வெல்டா அவர்களை விலக்கிக்கொண்டு மண்டியிட்டாள். தலைகீழாக, இருக்கையோடு ஒட்டிப்போய், கண்ணை விழித்துக்கொண்டு ஆர்லன் தொங்கினான்.

"அவிழ்க்க வரல வெல்டா" என்றான். "ரொம்ப இறுக்கிட்ட."

ஒரு பெரிய ஆள், தீயணைப்புக்காரர், ஆராதனையில் நிற்கிற மாதிரி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கத்தியால் அறுத்துத்தான் அவனை இறக்கினார்கள். ஐயோ, அந்தத் தகரத்துக்குள்ளிருந்து ஒரு மனிதன் முழுசாக வெளியே வந்ததைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் வெல்டாவை அழைத்துப் போனேன். காறை எலும்பும் விலாவும் முறிந்திருந்தன. மற்றபடி ஆள் முழுசு. இரண்டு தோளிலிருந்தும் இடுப்புவரை, பெல்ட் அகலத்துக்கு, கருநீலமாக இரண்டு பட்டை கன்றியிருந்தது. மருத்துவர் அவற்றைக் காட்டி, பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் நாம் வேறு இடத்தில் பேசிக்கொண்டிருப்போம் என்றார்.

மருத்துவர் போனதும் ஆர்லன் அவள் கையைத் தேடிப் பிடித்தான். "இனி ஏறமாட்டேன். அடுத்த வருஷம்னு சொல்லல. இனி இல்ல."

இதைக் கேட்கத்தானே அவள் இத்தனை காலம் உயிரை விட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கே சந்தோஷம் இல்லை.

"நான் பாத்தேன்" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"திரும்பிப் போக நேரமில்ல. வேலிகிட்டயே நின்னுட்டேன். நீ கிளம்புனதுலேருந்து பாத்தேன்."

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். பிறகு பயந்து பயந்து கேட்டான், "எப்படி இருந்துச்சு?"

வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று நினைத்து நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அந்தச் சக்கரம் கழர்ற வரைக்கும்..." வெல்டா போர்வையின் சுருக்கத்தை இழுத்து நீவினாள். "அவ்வளவு அழகா இருந்துச்சு ஆர்லன். இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமப் போச்சே."

முகத்தை அவன் படுக்கை விளிம்பில் புதைத்துக்கொண்டு அழுதாள். செத்துப் பிழைத்தவனுக்காக அழுத அழுகை இல்லை அது. நிறுத்து நிறுத்து என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவன் வாக்கை வாங்கிவிட்டாள். அவனிடமிருந்து எதைப் பறித்துக்கொண்டோம் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. இனி அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

அவன் முறியாத பக்கத்துக் கையை அவள் தலைமேல் வைத்தான். "நீ பாத்துட்டல்ல" என்றான். "எனக்கு அது போதும்."

அதற்குப் பிறகு அவன் பந்தய வண்டியில் ஏறவில்லை.