பதினாறு நாளில் கைமாறின வண்டி

கவுந்தப்பாடி குமாரசாமிக்கும், அவருக்கு வாக்கப்பட்ட அத்தை மகள் வள்ளிக்கும் ரெண்டு பெண்கள். மூத்தவள் எழிலரசி. மூணு வயசில் டெக்சாஸுக்கு விமானம் ஏறியவள், வள்ளியின் அப்பா மாதிரி நெடுநெடுவென்று இருப்பாள். இளையவள் தீக்ஷா அங்கே டல்லாஸ் பக்கத்துக் காப்பெலுக்குக் குடிவந்த வருஷமே பிறந்தவள், குமாரசாமியின் அம்மா உயரம், அதாவது உயரமே இல்லை. வள்ளிக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அண்ணன், செழியன். அவர் குடியிருப்பது நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். இவ்வளவு உறவு தெரிந்தால் போதும்.

தீக்ஷா இன்றைக்கு அமெரிக்கா பூராவும் ஓடுகிற கார்ப் பந்தயத் தொடரில் ஓட்டுகிறாள். இருபது வயசு. டிவியில் காட்டுகிறார்கள். போன பொங்கலுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். அந்தப் போட்டோவில் தங்கச்சியின் ஹெல்மெட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஓரமாக நிற்பவள்தான் எழிலரசி.

"நீதான் தீக்ஷாவோட அக்காவா கண்ணு? நீ இதெல்லாம் ட்ரை பண்ணலியா?" என்று விழாவில் ஒரு பெரியம்மா கேட்டாள்.

"இல்லை ஆன்ட்டி, எனக்கு ஆஸ்பத்திரியில வேலை" என்று எழில் சிரித்தாள்.

சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. உள்ளே பற்றி எரிந்தது. அந்த ஹெல்மெட்டுக்குள் இருக்க வேண்டியது தன் தலை என்று அவளுக்குப் பதினோரு வருஷமாக ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் நியாயமும் உண்டு.

ஏனென்றால் முதலில் ஓட்டியவள் அவள்தான். பத்து வயசில் கூடப் படிக்கிற பிள்ளையின் பிறந்தநாளுக்கு கோ-கார்ட் ஓட்டுகிற இடத்துக்குப் போனாள். தரையோடு தரையாய் உட்கார்ந்து ஓட்டும் சின்ன வண்டி. பெரிய பையன்கள் எல்லோரையும் ஒரு சுற்றுக்கு மேல் முந்தினாள். அங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரர் குமாரசாமியைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு பிரேக்கைத் தொடவே மாட்டேங்குறா, ஆனா வண்டி தடுமாறவே இல்லை. இதைச் சொல்லிக் குடுக்க முடியாது" என்றார். குமாரசாமிக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாசமே பழைய வண்டி ஒன்றை வாங்கி கராஜில் நிறுத்திவிட்டார். சனிக்கிழமை தோறும் அப்பாவும் மகளும் கிளம்புவார்கள். வள்ளி புளிசாதம் கட்டிக் கொடுப்பாள். டிஃபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வருவாள் தீக்ஷா.

பன்னிரண்டு வயசில் எழில் அந்த வட்டாரத்து இறுதிப் பந்தயத்துக்குத் தேர்வானாள். பந்தயத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அவள் வயசுக்கு வந்துவிட்டாள்.

அங்கேதான் வள்ளி ஒரு காரியம் செய்தாள். ஊரில் போன் போட்டுச் சொன்னாள், அண்ணன் செழியனுக்கும் சொன்னாள். செழியன் சந்தோஷத்தில் அன்றைக்கே விமான டிக்கெட் போட்டார், பட்டுப்பாவாடை எடுத்தார், தாய்மாமன் சீருக்குப் பக்கத்து ஊர் இர்விங்கில் ஹால் பிடிக்கச் சொன்னார். பதினாறாம் நாள் தண்ணி ஊத்தி சீர். அதுவரைக்கும் எழில் மாடி அறையில். தட்டு தனி, டம்ளர் தனி, பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று ஒரு லீவ் லெட்டர்.

"அம்மா, சனிக்கிழமை ரேஸும்மா."

"ஒரு ரேஸ்தான அம்மணி. அடுத்த வருஷம் வராமயா போயிரும்? மாமா டிக்கெட் போட்டாச்சு."

பொம்பளைங்க விஷயம் என்று குமாரசாமி ஒதுங்கிக்கொண்டார். ஆனால் பந்தயத்துக்குக் கட்டின பணம் வீணாகிறதே என்று சனிக்கிழமை காலையில் வண்டியை ஏற்றினார், சின்னவளையும் ஏற்றினார். ஒன்பது வயசுத் தீக்ஷா அக்காவின் ஹெல்மெட்டுக்குள் ஒரு துண்டைச் சுற்றி வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் பேர் கொடுக்கிற சின்னப் பிள்ளைகள் பிரிவில் ஓட்டி மூணாவதாக வந்தாள். மாடி ஜன்னல் வழியாக எழில் பார்த்தாள். அப்பா காரிலிருந்து இறங்கியதுமே தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவள் கையில் கோப்பை. தலையில் இன்னும் எழிலுடைய ஹெல்மெட்.

பதினாறு நாள் முடிந்து கீழே இறங்கி வந்தபோது கராஜில் வண்டியின் சீட்டை முன்னால் நகர்த்தி, சின்னக் காலுக்குத் தகுந்த மாதிரி பெடலில் கட்டை வைத்திருந்தார்கள்.

"இவளுக்கு வெயிட்டு கம்மி கண்ணு. அதனால வண்டி பறக்குது. நீயும் வளர்ந்துட்டே, உனக்கு அடுத்த சீசன்ல வேற வண்டி பாக்கலாம்" என்றார் குமாரசாமி.

எழில் "பரவால்லப்பா" என்றாள். ஒரே ஒரு தடவை சொன்ன அந்தப் பரவால்லையை வீடே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வேற வண்டி வரவே இல்லை. வயசுக்கு வந்த பெண் பையன்களோடு எதற்கு என்று வள்ளியும் பேச்சை மாற்றிவிடுவாள். தீக்ஷா கேட்டபோது, "அக்காவுக்கு போர் அடிச்சிருச்சாம்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

அதைக்கூட எழில் மறந்திருப்பாள். மறக்க முடியாதது நாலு வருஷம் கழித்து நடந்தது. ஓக்லஹோமாவில் ஒரு பந்தயம். காலையில் தீக்ஷா வயசுக்கு வந்துவிட்டாள். வள்ளி என்ன செய்தாள் தெரியுமா? பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய் வேண்டியதைச் செய்து, இடுப்பில் ஒரு ஸ்வெட்டரைக் கட்டி, "போய் ஓட்டிட்டு வா சாமி. மத்ததெல்லாம் வீட்டுல பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டாள். தீக்ஷா ஓட்டினாள், ஜெயித்தாள். செழியன் மாமாவுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் போனில் சொன்னார்கள். பதினாறு வயசு எழில் அந்தப் பந்தயத்தைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். தனக்குப் பதினாறு நாள். இவளுக்கு ஒரு ஸ்வெட்டர்.

அப்புறம் தீக்ஷாவுக்கு ஏறுமுகம்தான். கோ-கார்ட்டிலிருந்து கூண்டு வைத்த சின்ன ரேஸ் கார். அதிலிருந்து உள்ளூர் வட்டப் பாதையில் முழு கார். அங்கே ரெண்டு வருஷம் முதலிடம். ஒரு டீம் முதலாளி பார்த்துத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். எழில் எக்ஸ்ரே எடுக்கப் படித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். தங்கச்சி ஜெயிக்கிற ராத்திரியெல்லாம் மற்றவர்கள் எலும்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் அவளால் விட முடியவில்லை. இந்தப் பந்தயத்தில் ஓட்டுகிறவருக்குத் தலையைத் திருப்ப முடியாது. சீட் ரெண்டு பக்கமும் தலையைக் கவ்விக்கொண்டிருக்கும். பக்கத்தில் கார் வந்தால் தெரியாது. அதனால் பார்வையாளர் மாடத்துக் கூரையின் மேல் ஒருத்தர் நின்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தீக்ஷா பெரிய தொடருக்கு வந்ததும், ஆஸ்பத்திரி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, அந்தக் கண்ணாக எழில் போனாள். மற்ற டீம்காரர்கள் ரேடியோவை ஒட்டுக் கேட்பது வழக்கம். அதனால் தமிழிலேயே பேசலாம் என்பது எழிலுடைய யோசனை. மூணே வார்த்தை. உள்பக்கம் கார் வந்தால் "உள்ளே". வெளிப்பக்கம் வந்தால் "வெளியே". பாதை காலியென்றால் "போ". தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற தீக்ஷா, இந்த மூணு வார்த்தைக்கு மட்டும் உயிரையே ஒப்படைத்திருந்தாள்.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் வள்ளி நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைப்பாள். அப்புறம் தீக்ஷாவை நிற்க வைத்து மிளகாயைச் சுற்றுவாள். "ஊருக் கண்ணு, உறவுக் கண்ணு, எல்லாக் கண்ணும் போகட்டும்." உறவுக் கண்ணு என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எழில் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொள்வாள்.

போன வசந்தத்தில் டல்லாஸ் பக்கத்திலேயே பெரிய பந்தயம் வந்தது. தெரிந்த குடும்பங்களெல்லாம் வேன் பிடித்துக்கொண்டு வந்திருந்தன. பந்தயத்துக்கு முன்னால் டிவிக்காரி தீக்ஷாவிடம் மைக்கை நீட்டினாள். பெரிய திரையில் முகம் தெரிய, ஒலிபெருக்கியில் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"எப்படி ஆரம்பிச்சீங்க?"

"முதல்ல என் அக்காதான் ஓட்டினா. என்னைவிட நல்லா ஓட்டுவா. அவளுக்கு போர் அடிச்சிருச்சு, வேணாம்னு விட்டுட்டா. சும்மா கிடந்த வண்டியில நான் ஏறிட்டேன்" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தாள் தீக்ஷா.

கூரை மேல் நின்ற எழிலுக்கும் அது கேட்டது. வேணாம்னு விட்டாளா? யார் விட்டது?

அந்தக் கேள்வி அடங்குவதற்குள் பந்தயம் ஆரம்பித்துவிட்டது. வாய் பழக்கத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசி ஆறு சுற்று. தீக்ஷா ரெண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். முன்னால் போகிறவனை முந்துவதற்கு உள்பக்கமாக இறங்கத் தயாரானாள். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு நீலக் கார் உள்பக்கத்தில் மூக்கை நுழைத்தது. எழில் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். "உள்ளே" என்ற வார்த்தை தொண்டைக்கு வந்தது. சும்மா கிடந்த வண்டி என்று காதுக்குள் கேட்டது. வாய் திறக்கவில்லை. ஒரு கண் இமைக்கிற நேரம். அவ்வளவுதான்.

"உள்ளே! உள்ளே!"

அதற்குள் தீக்ஷா இறங்கிவிட்டாள். நீலக் கார் இடித்தது. தீக்ஷாவின் கார் ரெண்டு சுற்றுச் சுழன்று வெளிச்சுவரில் மோதிப் புகையோடு நின்றது. கூட்டத்தில் வள்ளியின் குரல் தனியாகக் கேட்டது. ரேடியோவில் சத்தமே இல்லை. எழில் "தீக்ஷா, தீக்ஷா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னலில் கட்டியிருந்த வலையைக் கழற்றிக்கொண்டு தீக்ஷா வெளியே வந்து கையை ஆட்டினாள்.

மருத்துவக் கூடத்தில் ஒரு கீறலுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். டீம்காரர் கேட்டதற்கு, "நான்தான் அவசரப்பட்டேன்" என்றாள் தீக்ஷா. எழிலுக்கு அதையும் தாங்க முடியவில்லை. பழியையும் பெருந்தன்மையாய் வாங்கிக்கொள்கிறாளே, இதிலும் அவள்தானா நல்லவள்? கார் நிறுத்துமிடத்தில் அவளை ஓரமாக இழுத்தாள்.

"நான் பாத்தேன்டி. அந்தக் கார் வர்றதை நான் பாத்தேன். சொல்லல."

"வாட்?"

"எனக்கு போர் அடிக்கல. என்னை மேல பூட்டி வெச்சிருந்தாங்க. பதினாறு நாள். நீ என் ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு வந்து இறங்கினே."

தீக்ஷா ஒரு அடி பின்னால் போனாள். "ஐ குட் ஹேவ் டைட், அக்கா. செத்திருப்பேன்" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். அடுத்த பந்தயத்துக்கு வேறு ஆளைக் கூரையில் ஏற்றினார்கள். மூணு வாரம் அக்கா தங்கச்சி பேச்சு இல்லை. வள்ளி என்ன ஏதென்று தெரியாமல் ரெண்டு பேருக்கும் மாறி மாறிப் போன் போட்டாள்.

நாலாவது வாரம் தீக்ஷா வீட்டுக்கு வந்தாள். நேராக அம்மாவிடம் போனாள். அக்கா சமையலறை வாசலில் நிற்பது தெரிந்தே கேட்டாள்.

"அம்மா, அக்காவை சிக்ஸ்டீன் டேஸ் ரூம்ல வெச்சிருந்தீங்களா? ரேஸுக்கு விடாம?"

வள்ளி சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "உங்க மாமா டிக்கெட் போட்டுட்டாரு சாமி."

"தட்ஸ் இட்? மாமா டிக்கெட்?"

மாவு பிசைந்து முடிந்த பின்னாலும் வள்ளி கையை எடுக்காமல் பிசைந்துகொண்டே இருந்தாள்.

தீக்ஷா எழில் பக்கம் திரும்பினாள். கோபம் போகவில்லை. "என்னோட பழைய கார் அப்பா ஃப்ரெண்டு அங்கிள் ஒருத்தரோட ஷெட்ல நிக்குது. சனிக்கிழமை சின்ன ட்ராக்ல யார் வேணாலும் ஓட்டலாம். அவ்ளோ ஜெலஸ்னா வந்து ஓட்டு. கூரையில நின்னுக்கிட்டு என்னைக் கொல்லாதே."

"வர்றேன்டி. பயமா எனக்கு?"

பயம்தான். இருபத்து மூணு வயசில், பதினெட்டு கார் ஓடுகிற ஒரு சனிக்கிழமைப் பந்தயத்தில் போய் உட்கார்ந்தாள். குமாரசாமி சீட்டைப் பின்னால் நகர்த்திவிட்டு, பெடலைக் குனிந்து பார்த்தார். "கால் எட்டுதா கண்ணு?" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. வள்ளி நாலு எலுமிச்சம்பழம் கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து வைத்தாள். பாதையில் எலுமிச்சம்பழம் கிடக்கக்கூடாது என்று ஒரு ஆள் ஓடி வந்து சத்தம் போட்டான். "ஒன் மினிட், ஒன் மினிட்" என்று சொல்லிவிட்டு வள்ளி நாலாவது பழத்தையும் வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

கூரையில் தீக்ஷா. பந்தயம் முழுக்க வாய் ஓயவில்லை. "உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே. போ. அக்கா, வெளியே. வெளியே. போ போ போ!" ஒரு தடவைகூடத் தாமதமில்லை. சில தடவை கார் வருவதற்கு முன்னாலேயே சொன்னாள். இவள் நியாயமாய் இருக்கிறாளே என்று அந்த வேகத்திலும் எழிலுக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் மூணாவது திருப்பத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டாள். வண்டி தடுமாறவில்லை. ரெண்டு பேரை முந்தினாள்.

பதினெட்டுப் பேரில் பதினொன்றாவதாக வந்தாள்.

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் வள்ளி மிளகாயோடு ஓடி வந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றே சுற்றினாள். "ஊருக் கண்ணு, உறவுக் கண்ணு..." பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக எழில் குனியவில்லை. தீக்ஷா கூரையிலிருந்து இறங்கி வந்து, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஜன்னலுக்குள் தலையை விட்டாள். கண் முழுக்க ஸ்டீயரிங் மேல்தான் இருந்தது.

"டர்ன் த்ரீல நீ பிரேக்கே பண்ணல. ஹவ்?"

"தெரியல."

"இறங்கு. நான் ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வர்றேன். ஒரே ரவுண்டு."

எழில் தோளில் இருந்த பெல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கினாள்.

"போடி. நான் இறங்க மாட்டேன்."