பீதியில் ஓடும் பெண்

கிட்டு ஊரைவிட்டுப் போனது 1994ஆம் வருஷம் செப்டம்பர் இருபத்தேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சூரத்தில் பிளேக் வந்துவிட்டது என்று புனேயும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்த வாரம் அது. மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துபோயிருந்தது. கிட்டுவுக்கு அந்தப் பயம் எதுவும் இல்லை. அக்கா விசாலத்தின் முகத்தில் இனி விழிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு.

விசாலம் அப்போது புனேயின் கேம்ப் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்த கட்டிங் ஆபீஸில் வேலை பார்த்தாள். காலை ஏழு மணிக்கு மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் என்று முப்பது பேப்பர் வந்து விழும். சந்தா கட்டிய கம்பெனிகளின் பெயர் எங்கெங்கே வந்திருக்கிறதோ அதையெல்லாம் வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, மேலே பேப்பர் பெயரும் தேதியும் பக்கமும் எழுதி, பதினோரு மணிக்குள் அந்தந்தக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். முதலாளி கோகுல்நாத் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் சொல்வார். "படிக்கக் கூடாது, தேடணும். படிக்க உக்காந்தா பத்து பேப்பர்கூட முடியாது." ஐந்து வருஷத்தில் விசாலத்தின் கண் அப்படிப் பழகிவிட்டது. ஒரு பக்கத்தை விரித்தால் வேண்டிய பெயர் மட்டும் எழும்பி நிற்கும், மற்றதெல்லாம் மணல்.

வினை அந்தக் கண்ணால் வந்தது. ஆகுர்டிப் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கும் அவர்கள் கட்டிங் அனுப்பினார்கள். கிட்டு அங்கேதான் கான்ட்ராக்டில் இருந்தான். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிப் பையன்கள் கேட்டில் உட்கார்ந்தார்கள். ஒருநாள் தள்ளுமுள்ளு. மறுநாள், பதினேழாம் தேதி, ஒரு மராத்திப் பேப்பரில் படம் வந்தது. கூட்டத்தின் நடுவே ஒருவன் குனிந்து தரையில் கை வைத்திருக்கிறான். 'கல்வீச்சில் இறங்கிய தொழிலாளர்கள்' என்று கீழே ஒரு வரி. விசாலம் கம்பெனியின் பெயரைத் தேடினாள், கிடைத்தது, வெட்டினாள், ஒட்டினாள், அனுப்பினாள். குனிந்திருப்பது யார் என்று பார்க்கவில்லை. கம்பெனியில் பார்த்தார்கள்.

இருபத்தாறாம் தேதி வேலை போய் வீட்டுக்கு வந்த கிட்டு, அக்கா செருப்பைக் கழற்றும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

"லேபர் ஆபீசர் மேஜைமேல அந்தத் தாள் இருந்துது. தேதி உன் கையெழுத்து. ஏழுக்கு நடுவுல கோடு இழுக்கறது இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்."

"நான் வெட்டலேன்னா ஜோசபின் வெட்டியிருப்பா. அது என் வேலைடா."

"வெட்டினதைப் பத்தி யாரு கேட்டா? நான் குனிஞ்சது டப்பாவை எடுக்க. கூட்டத்துல எவனோ தட்டிவிட்டுட்டான். அம்மா கட்டிக் குடுத்த தயிர்சாதம் ரோடு பூரா. நீ சொல்லு அக்கா, நான் கல்லெடுக்கற ஆளா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். விசாலம் பேப்பரோடு புழங்கியவள். "அப்போ கல்லுன்னு ஏண்டா போடறான்? ஒண்ணும் இல்லாமயா போடுவான்?" என்று கேட்டுவிட்டாள்.

கிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "சரி," என்றான். அம்மா தர்மாம்பாள் உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் சாப்பிட வறேளா, இல்ல பேப்பரையே கரைச்சுக் குடிச்சுக்கறேளா?" என்று இரண்டு தரம் குரல் கொடுத்தாள். யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் ஆபீஸில் விசாலத்துக்கு இருப்பே கொள்ளவில்லை. கத்தரிக்கோலை எடுப்பாள், வைப்பாள், ஜன்னலுக்குப் போவாள். மத்தியானத்துக்கு மேல் பழைய பேப்பர்க் கட்டுக்குள்ளிருந்து பதினேழாம் தேதியதை உருவி, பொடி எழுத்துப் பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை அந்தப் படத்தின்மேல் வைத்தாள். புள்ளி புள்ளியாகக் கலைந்தது. கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கிட்டுவின் விரலுக்குக் கீழே உருண்டையாக ஒன்று. அதற்குமேல் வளைவாக ஒரு கம்பி. கல்லுக்குக் கைப்பிடி இருக்காது.

அவள் கண்ணாடியைக் கீழே வைப்பதற்குள் போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அம்மா. "கிட்டு பொட்டியத் தூக்கிண்டு போயிட்டாண்டி. மதராஸ் எக்ஸ்பிரஸாம். நான் சொன்னா நிக்கலே, நீயாவது போ."

முகத்தைச் சுற்றி ஓட்னித் துணியைக் கட்டிக்கொண்டு லூனா மொபெட்டைக் கிளப்பினாள். புனேயில் வண்டி ஓட்டும் பெண்கள் தூசிக்காக அப்படித்தான் கட்டுவார்கள், கண் மட்டும் தெரியும். ஸ்டேஷனில் கூட்டம் நெரிந்தது. அந்த அவசரத்திலும் விசாலம் வரிசையில் நின்று பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினாள். டிக்கெட் இல்லாமல் உள்ளே போவது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த நாலைந்து நிமிஷத்தில் வண்டி நகர்ந்துவிட்டது. அவள் கடைசிப் பெட்டிவரை ஓடினாள். டப்பாதாண்டா, பார்த்துட்டேன் என்று கத்தினாளா, கத்த நினைத்தாளா என்பது பிறகு அவளுக்கே நினைவில்லை.

வியாழக்கிழமை, மாத்திரை செய்யும் ஒரு கம்பெனிக்காகப் பிளேக் செய்திகளை வெட்டிக்கொண்டிருந்த ஜோசபின் சட்டென்று நிமிர்ந்தாள். ஜோசபின் கேம்பிலேயே பிறந்து வளர்ந்தவள். கேலி செய்யாமல் அவளுக்கு நாள் நகராது.

"ஏ விசாலம், பிளேகுக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடிட்டியாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

அவள் கையில் பம்பாயிலிருந்து வரும் ஒரு இங்கிலீஷ் பேப்பர். முதல் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்குப் படம்: நகரும் ரயில், பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு ஓடும் பெண். மணிக்கட்டில் அப்பாவின் பெரிய வாட்ச். பெட்டியில் 'பம்பாய் – மதராஸ்' என்ற பலகை. கீழே, 'பிளேக் பீதி: கடைசி ரயிலைப் பிடிக்க ஓடும் புனே பெண்.'

"இது கடைசி ரயிலும் இல்ல," என்றாள் விசாலம்.

அந்தப் பேப்பருக்குப் புனேயில் ஓர் அறை ஆபீஸ் இருந்தது. அன்று மத்தியானமே போனாள். அங்கே இருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் பொறுமையாகத்தான் பேசினார். படம் எடுத்தவன் புனேக்காரன், வரி எழுதினவர் பம்பாயில், அவருக்கு ஸ்கார்ஃப் விவகாரம் தெரியாது என்றார்.

"நான் ஓடிப்போகலை. தம்பியைத் தடுக்கப் போனேன். அதைப் போடுங்க."

"உங்க பேர் போடலை, முகமும் தெரியலை. உங்களுக்கு என்ன நஷ்டம்? அன்னிக்கு ஸ்டேஷன்ல நிஜமாவே ஆயிரம் பேர் ஓடினாங்க. நீங்க இல்லேன்னா பக்கத்துல இன்னொருத்தி. மொத்தத்துல செய்தி சரிதானே?"

மொத்தத்துல சரி. கம்பெனி கேட்டில் நிஜமாகவே யாரோ கல் வீசியிருந்தார்கள். அதனால் குனிந்தவன் கையில் இருந்ததும் கல். விசாலம் படியிறங்கும்போதுதான் இது உறைத்தது. திரும்ப ஏறிப்போய்ச் சொல்லலாம் என்று நாலு படி ஏறினாள். பிறகு வேண்டாம் என்று இறங்கினாள். வீட்டுக்கு வந்து ஆசிரியருக்கு ஒரு பக்கம் எழுதிப் போட்டாள். தம்பியின் பெயரைப் போட்டு, தான் எதற்காக ஸ்டேஷனுக்குப் போனாள் என்பதையும் எழுதியிருந்தாள். எங்கேயாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவன் அதைப் படிப்பான் என்று ஒரு நப்பாசை. பத்து நாள் கழித்து மூன்று வரி வந்தது: புனேயில் தூசி அதிகம், பெண்கள் ஸ்கார்ஃப் கட்டுவது பீதியால் அல்ல. தம்பியை வெட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் தேடுவதை விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். ஒரே ஊர்வலம் ஒரு பேப்பரில் ஐயாயிரம் பேர், இன்னொன்றில் இருபதாயிரம், மூன்றாவதில் 'சிலர்'. வேலைநிறுத்தம் என்றால் போக்குவரத்து நின்றது நாலு பத்தி. எதற்கு நிறுத்தினார்கள் என்பது கடைசி வரி, அதுவும் விளம்பரம் வந்தால் போய்விடும். கம்பெனி கொடுத்த அறிக்கை, கம்பெனி விட்ட எழுத்துப்பிழையோடு, 'நமது நிருபர்' என்று வரும். ஜோசபினிடம் காட்டுவாள். "ஜானே தே, விட்டுத்தள்ளு விசாலம், நீ திருத்தியா பேப்பர் நடக்கப்போவுது?" என்பாள் ஜோசபின். கோகுல்நாத் வேறு விதமாகச் சொன்னார்: "விசாலம்மா, உங்க மேஜையில மட்டும் மணி பன்னெண்டு ஆறதே, ஏன்?"

கிட்டுவிடமிருந்து வருஷத்துக்கு ஒரு கார்டு வரும், தீபாவளிக்கு முன்னால், அம்மா பெயருக்கு. சௌக்கியம், வேலை இருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள். ஊர்ப் பெயர் இருக்காது. தபால் முத்திரை ஒவ்வொரு தரமும் மையாக அப்பியிருக்கும். அக்கா என்ற சொல் ஒரு கார்டிலும் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் இல்லை.

அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது. சாப்பாட்டு நேரத்தில் கேம்பின் சந்துகளைச் சுற்றிச் சுற்றி வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காரணமே இல்லாமல் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவாள். ஆனால் கிர்க்கியில் இருந்த அந்த இரண்டறை வீட்டை மட்டும் மாற்றவில்லை. 2006இல் கோகுல்நாத் ஆபீஸை மகர்பட்டாவுக்குக் கொண்டுபோனார். கத்தரிக்கோல் போய் வரிசையாக டிவிகள் வந்தன. எந்தச் சேனல் எந்தக் கம்பெனியைப் பற்றி என்ன தொனியில் பேசியது என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கிர்க்கியிலிருந்து இரண்டு பஸ்.

"அங்கேயே வீடு பாத்துண்டு போயிடலாம்டி. இங்க தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் அம்மா.

"இந்த அட்ரஸ்தானேம்மா அவனுக்குத் தெரியும்."

அம்மா பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

2009 ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். டெல்லிச் சேனல்களின் வண்டிகள் குடையை விரித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றன. சிக்னலில் ஸ்கார்ஃபோடு நிற்கும் பெண்களையெல்லாம் படம் பிடித்து, முகமூடி கிடைக்காமல் துணியைச் சுற்றிக்கொண்டு நடுங்கும் ஊர் என்றார்கள். திருச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் உறவுக்காரர்கள் போன் செய்து, உயிரோடுதான் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஒருநாள் காலை மகர்பட்டாவில் நாலாவது டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த விசாலத்தின் கை கீபோர்டில் அப்படியே நின்றது.

ஓடிக்கொண்டிருந்தது அவள்தான். கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி, தடதடவென்று இசை போட்டு, 'பீதியில் புனே' என்று எழுதியிருந்தார்கள். பம்பாய் மும்பையாகி, மதராஸ் சென்னையாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பலகையில் பழைய பெயர்கள் அப்படியே இருந்தன. யாரும் படிக்கவில்லை.

"தேடியிருக்கான். படிக்கலை," என்றாள்.

ஜோசபின் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "போன் போட்டுக் கேளு," என்றாள்.

சேனலில் ஒரு சின்னப் பெண் எடுத்தாள். "அது ஒரு அடையாளத்துக்குப் போட்ட படம், மேடம். மொத்தத்துல சூழ்நிலையைக் காட்டறதுக்கு."

அன்று முழுக்க மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் அவள் ஓடினாள். மறுநாளும் ஓடினாள். கம்ப்யூட்டரில் 'தொனி' என்ற கட்டத்தை விசாலம் காலியாக விட்டாள்.

அக்டோபரில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, கார்டு வரவில்லை. ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. அம்மா அதை வாசலிலேயே நின்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் பேருக்குடி," என்றாள். தேதி 7-10-09. ஏழுக்கு நடுவே கோடு.

"அக்கா,

ஹோசூர்ல இருக்கேன். சலூன்ல உக்காந்திருந்தப்போ டிவில புனேன்னு போட்டான். ஒரு பொம்பளை ரயில் பக்கத்துல ஓடினா. வியாதிக்குப் பயந்து ஓடறாள்னான். நானும் பாத்துட்டு விட்டுட்டேன். ரெண்டாவது தரம் போட்டப்போ அப்பாவோட வாட்ச் தெரிஞ்சுது. மூணாவது தரம் ஓட்னி. துளசிபாக் கடைத்தெருவுல நான் வாங்கிக் குடுத்த மாங்கா டிசைன். சவரம் முடிஞ்சும் எழுந்துக்கலை. கடைக்காரன் வேற சேனல் மாத்தப் போனான், கையைப் பிடிச்சுட்டேன்.

ஊரைவிட்டு ஓடறவ வெறுங்கையோடயா ஓடுவா? உங்கிட்ட பொட்டி இல்ல, பை இல்ல. கையில ஒரு அட்டை டிக்கெட். வண்டியே போயிண்டிருக்கறச்சே வரிசையில நின்னு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கற ஆள் உலகத்துலயே நீ ஒருத்திதான். பலகையையும் படிச்சேன். அது என் வண்டி.

நீ வரவே இல்லேன்னு நினைச்சிண்டிருந்தேன்.

எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசம் ஓட்டிட்டேன். நீ எதுக்கு வந்தேன்னு மட்டும் எழுது. கல்லா, டப்பாவா?"