ஊசி குத்தியது தெரியாத கால்

போன வருடம், தீபாவளி வியாபாரம் சூடுபிடித்திருந்த சமயம். செஞ்சி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் போனால் கடை சாத்தும்வரை நின்றபடிதான்.

அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே இரண்டு பாதமும் எரிந்துகொண்டிருந்தன. மிளகாய் அரைத்த கை எரியுமே, அப்படி. படுத்தால் போர்வை பட்டாலே தாங்காது. எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். விழுப்புரம் போய், காலில் கரண்ட் வைத்துப் பார்க்கும் நரம்பு டெஸ்ட் எடுத்தோம். எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் கணவர் என்னைக் கவனிக்க ஆரம்பித்தார். கவனிப்பு என்றால் அக்கறை இல்லை. போனில் அக்காவோடு சிரித்துப் பேசினால் திரும்பி என் காலைப் பார்ப்பார். ஒருநாள் வேகமாக மாடிப்படி ஏறிவிட்டேன். கீழேயே நின்று பார்த்தார்.

கடையில் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டிருந்தேன். முதலாளியம்மா பார்க்கலாம் என்றார். காலில் புண் இல்லை, வீக்கம் இல்லை. பண்டிகை நேரத்தில் வேலைக்குப் பயந்து நடிக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு மதியம் நான் மண்டியிட்டுக் கீழ்த்தட்டில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, புதுச் சட்டையின் அட்டையிலிருந்து உருவிய குண்டூசியால் அவர் பின்னாலிருந்து என் கால் விரலில் குத்தியிருக்கிறார். நான் திரும்பவே இல்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்த பிறகுதான் தரையில் ரத்தத்துளியைப் பார்த்தேன்.

"ஊசி குத்துனதே உனக்குத் தெரில. அப்புறம் இன்னா எரியுதுன்ற?"

முதலாளியம்மா குண்டூசியைக் காட்டிக் கேட்டார். கால் சரியானதும் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு நடக்கும்போது எனக்கே சந்தேகம் வந்தது. குத்தினால் தெரியாத கால் எப்படி எரியும்? மனசுதான் கெட்டுப்போய்விட்டதோ?

புதுச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். குண்டூசி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சூட்டையும் குத்தலையும் உணரும் மெல்லிய நரம்பு நுனிகள் தோலில் இருக்கின்றனவாம். கரண்ட் டெஸ்டில் தடித்த நரம்புகள்தான் தெரியுமாம். மெல்லியவை அழிந்தால் குத்துவது தெரியாது. மிச்சமிருப்பவை எதுவும் படாமலே தானாக வலியை அனுப்பும் என்றார். கணுக்காலுக்கு மேல் துளி தோல் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

இப்போது சந்தேகப்படுவது என் முறை. தோலை எதற்கு வெட்டவேண்டும்? எதற்கும் யோசிக்கும் என் கணவர் உடனே சரி என்றது இன்னும் உறுத்தியது. நான் பொய் சொல்கிறேன் என்று காட்டத்தான் இவருக்கு இத்தனை அவசரமோ என்று நினைத்துக்கொண்டே காலை நீட்டினேன்.

ரிசல்ட் வந்ததும் மறுபடி போனோம். இருக்கவேண்டியதைவிட நரம்பு நுனிகள் மிகவும் குறைந்திருந்தன. எனக்கு அழுகை முட்டியது. வியாதி என்று சொன்னதற்குச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் கணவர் விடவில்லை. "இவ்ளோ கொறஞ்சிருக்குதுன்னா, வலி எவ்ளோ இருக்கும் டாக்டர்?"

"அது இதுல தெரியாதுங்க. இதைவிட நரம்பு கம்மியா இருந்தும் வலியே இல்லாதவங்க இருக்காங்க. எவ்ளோ வலின்னு அவங்களத்தான் கேக்கணும்" என்றார்.

திரும்பும் பஸ்சில் என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். திண்டிவனம் தாண்டி வெகுநேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "இப்ப எரியுதா?"

எரிகிறது என்றேன். அவர் என் காலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

மாத்திரையில் எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது. கடையில் மறுபடி சேர்ந்தேன், ஸ்டூலும் கிடைத்தது. ஆனால் நான் உட்காரும்போதெல்லாம் முதலாளியம்மாவின் கண் இன்றும் என்மேல்தான். அவர் நம்பாததில் எனக்கு வருத்தமில்லை. அடுத்தவர் வலியை எந்த டெஸ்டும் முழுசாகக் காட்டாது, கேட்டு நம்பத்தான் வேண்டும் என்பது என் வீட்டில் ஒருவருக்குப் புரிந்ததே, இப்போதைக்கு எனக்கு அது போதும்.