ரப்பர் எண்ணெயில் ஓடிய பந்தயக் கார்

மலாயாவில் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தார். ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடிய வெள்ளைக்காரத் துரை, பந்தயத்துக்கென்று பாதி கட்டிய கார் ஒன்றைக் கொட்டகையில் விட்டுப் போயிருந்தான். அதில் இன்ஜின் ஓட்டுபவனின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். துரையோடு அந்தக் கிறுக்கும் ஒழிந்தது என்று நினைத்தேன்.

ஒழியவில்லை. ஜப்பான் அதிகாரி ஒருவன் அதைப் பார்த்துவிட்டான். அவன் காரைக் 'கிரேத்தா' என்று அரைகுறை மலாயில் சொன்னதை, எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி இவரிடம் தமிழில் சொன்னார்.

"ஒரு மாசத்துல கிரேத்தா ஓடணுமாம் தம்பி. ஓடலன்னா சயாமுக்கு அனுப்பிடுவாராம்."

சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவர்கூட எங்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பவில்லை.

"பாலிங் காட்டுப் பக்கம் ஓடிடலாம் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். வழியில் பிடிபட்டால் தலை இருக்காது என்று எனக்குப் பயம். "வேணாங்க. கார ஓட வச்சிடுங்க, விட்டுடுவான்" என்றேன்.

காரை இவர் கட்டி முடித்தார், ஆனால் பெட்ரோல் கிடையாது. ரப்பர் மரத்து ஒட்டுப்பாலை டிரம்மில் போட்டுக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து எண்ணெய் இறக்கினோம். அதிலிருந்த பிசின் இன்ஜினை அடைத்தது. எண்ணெய் சூடானால் அடைக்காது என்று, புகை போகும் குழாயின் மேல் எண்ணெய்க் குழாயைச் சுற்றினார். அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை. தீப்பிடித்து இவரோடு எரிந்துவிடுமோ என்று பயந்தேன். பிசினாவது குறையட்டும் என்று கல்யாணப் புடவையைக் கிழித்து, எண்ணெயை ஏழு தடவை வடிகட்டினேன்.

ஓட்டிப் பார்க்கும் நாளில், புது வண்டிக்கு வைப்பதுபோல் நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். புத்தி கெட்ட வேலை. வெடிகுண்டு என்று நினைத்துச் சிப்பாய் துப்பாக்கியை இவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினான். கிராணி ஒரு பழத்தை எடுத்துக் கடித்துக் காட்டினார். அப்புறம்தான் சிப்பாய் துப்பாக்கியை இறக்கினான்.

அதிகாரியே ஓட்டினான். கார் பந்துத் திடலை மூன்று சுற்று சுற்றியது. இறங்கியவன் சிரித்தபடி இவர் தோளைத் தட்டினான். பிழைத்தோம் என்று நான் அழுதேவிட்டேன்.

கிராணி என் முகத்தைப் பார்க்காமல் வந்து நின்றார்.

"சயாம்ல லாரிங்க இந்த எண்ணெய் அடைச்சு ஓடாம நிக்குதாம் தங்கச்சி. இவ்ளோ கெட்டிக்காரன் அங்கதான் வேணுமாம். நாளைக்கே ஏத்துறாங்க."

இவர் திரும்பி வரவில்லை. பாலிங்குக்கு ஓடலாம் என்றவரை நான்தான் நிறுத்தினேன்.